பசும்பாலை நிறுத்தச் சொன்ன காரணம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம்தானே? நானும் சுகம்.

நேற்று போனில் "பசும்பாலை நிறுத்திடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேனே, காரணம் இதுதான். இங்கே பால் ஆலைக் கதவில் என் விரல் லேசாக நசுங்கியது, பயப்படாதே. கட்டுப்போட்ட நர்சம்மாவிடம், எட்டு மாதப் பாப்பாவுக்குப் பசும்பால் கொடுக்கும்படி உன்னிடம் நான் சொன்னதைப் பெருமையாக அளந்தேன்.

"பாக்கெட்ல பாலை அடைச்சா டாக்டராயிட்டதா நெனப்பா? ஒரு வயசு முடியட்டும். அதுவரைக்கும் தாய்ப்பாலும் குழைச்ச சோறும் போதும்" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

நீயும் அதைத்தானே சொன்னாய்? நான்தான் கத்தி உன் வாயை அடைத்தேன். போனில் இதைச் சொல்ல நா எழவில்லை.

ஆலையின் குளிர் அறையில் போட்டுக்கொள்ளக் கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பு. பாப்பாவின் துண்டில் சுற்றி அனுப்பு, அந்தத் துண்டைத் துவைக்க வேண்டாம்.

ஷிப்டு மணி அடித்துவிட்டது. ஒரு வயதானதும் முதல் டம்ளர் பாலை நீயே கொடுத்துவிடு. என் லீவுக்குக் காத்திருந்தால் அவள் காப்பியே குடிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பாப்பாவின் அப்பா