இறகு கேட்டவன் கட்டிய இஞ்சின்

பிராண்டே, டென்மார்க்
17 ஏப்ரல் 1988

அன்புள்ள செலினுக்கு,

யூட் எழுதுவது. நான் சுகம். சுகத்தோடு இந்தக் கிழமை கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்திருக்கிறது. நீரும் பிள்ளை வினோதாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உம்முடைய கடிதம் கிடைத்தது. எங்களை அங்கே எடுப்பிக்கிற கதையைக் காணேல்லை, கார்க்கதைதான் பக்கம் பக்கமாய் வருகுது என்று கோபித்திருந்தீர். அந்தக் கார் யாருக்கு என்று நினைத்தீர்? விமான நிலையம் இந்த நாட்டின் மறு கரையில் இருக்கிறது. நடுவில் காரோடு கப்பலேறிக் கடலும் கடக்க வேண்டும். நீங்கள் வந்து இறங்கும் நாளில் இன்னொருவருடைய வாகனத்துக்கு நான் காத்து நிற்க மாட்டேன்.

இஞ்சின் முடிந்துவிட்டது! நான் வேலை செய்யும் கராச்சின் முதலாளி ஸ்வென் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கார் இது. வால்வுகளை மூடவைக்கும் ஸ்பிரிங்குகள் களைத்துப் போயிருந்தன. புதியது வாங்கப் போன கதையைச் சொன்னால் சிரிப்பீர். டேனிஷில் ஸ்பிரிங்குக்கு ஃபியேதர், இறகுக்கு ஃபியேர். என் நாக்கு நடுவிலிருந்த எழுத்தை விழுங்கிவிட்டது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, தலையணைக்கா என்று கேட்டார். அன்று முதல் கராச்சில் என் பெயர் இறகு.

என்னோடு அறையில் இருக்கும் குணசேகரம், போடுறதெண்டால் ரேஸ் கார் ஸ்பிரிங்காய்ப் போடும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அளவுக்கு மிஞ்சி இறுக்கமான ஸ்பிரிங், வால்வைத் தள்ளுகிற தண்டையே தேய்த்துத் தின்றுவிடும். தளர்ந்ததோ வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாது. இது குடும்பத்தை ஏற்றிப் போகும் இஞ்சின்; பழையதைவிட ஒரு பிடி இறுக்கம் போதும். ஸ்பிரிங்கை மேலே பிடித்து வைத்திருக்கும் சின்னத் தட்டும் பாரம் குறைந்த பந்தய வகை வேண்டாம், உருக்கிலேயே இருக்கட்டும், கனகாலம் உழைக்கும் என்றேன்.

நேற்று ஓடிப் பார்த்தோம். பாரம் ஏற்றாமல் என்ன பரிசோதனை? உம்முடைய இடத்தில் குணசேகரத்தை இருத்தினேன், மனம் கோண வேண்டாம். பின் சீட்டில் வினோதாவுக்காக ஓர் அரிசி மூட்டை, பெல்ட்டும் போட்டு. மேட்டில் ஒரு முனகல் இல்லை, செலின்! கராச்சுக்குத் திரும்பியதும் ஸ்வென் தானும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து என் கையைக் குலுக்கி, இறகு என்ற பெயரை இன்றோடு விட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உங்களை இங்கே எடுக்கப் போட்ட விண்ணப்பத்தைப் பற்றி அதிகாரிகளிடம் கேட்கப் போனால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற அதே பதில்தான். ஏன் இழுபடுகிறது என்று ஒருவரும் சொல்கிறார்களில்லை. இனி நம்பிக்கையில்லை, பேப்பர்களைத் திருப்பி எடுங்கோ என்று எழுதியிருந்தீர். எடுக்க மாட்டேன். நீரும் அந்தச் சொல்லை இனி எழுதாதேயும்.

நேற்று வீட்டுக்கு வரும் வழியில் குணசேகரம் பின்னால் திரும்பிப் பார்த்து, பிள்ளை இப்பவும் அந்த மூட்டையளவிலேயோ இருக்கும் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் புறப்பட்ட அன்று பிள்ளையைத் தூக்கிய பாரத்தைத்தான் ஏற்றியிருந்தேன். கடையில் நிறுத்தி இன்னொரு சின்ன மூட்டை வாங்கி வைத்தேன். அதுவும் சரிதானோ தெரியவில்லை.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஆஸ்பத்திரித் தராசில் ஒருக்கால் பிள்ளையை நிறுத்துப் பார்த்து எழுதும். அதுவரை இரண்டு மூட்டையும் பின் சீட்டிலேயே இருக்கும்.

உமது,
யூட்