நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

செப்டம்பர் 8, 2019, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. கிரவுண்டில் புல் முழங்கால் உயரம். எட்டாம் ஆள் இருபத்தாறு பேர் வந்து வெட்டினோம். செவன்ஸ் ஃபுட்பாலில் ஒரு டீமுக்குக் களத்தில் ஏழு பேர். வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிற நாங்கள்தான் எட்டாம் ஆள். பேர் வைத்தது தலைவர் மனோ அண்ணன். இதைவிட நல்ல பேர் உலகத்தில் எந்த ஃபேன்ஸ் கூட்டத்துக்காவது இருக்கா? சான்ஸே இல்ல!

எங்கள் ஃபேஸ்புக் பேஜில் 1,204 பேர். கரடிப்பாறை எஸ்டேட்டில் மொத்தமே அவ்வளவு ஆள் கிடையாது. போஸ்டர், கோல் வீடியோ எல்லாம் நானே போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மனோ அண்ணன் எல்லார் முன்னாடியும் சொன்னார்: "வனிதா இல்லைன்னா எட்டாம் ஆளுக்கு வாயே இல்ல."

கோல்கீப்பர் வசந்த் மட்டும் புல் வெட்டாமல் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். "கீப்பர் கையப் பத்திரமா வெச்சுக்கணும்டி" என்றான். "அப்படியே வாயையும் பத்திரமா வையி" என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

தேயிலைக் கொழுந்துக்கு விலை இல்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அந்தச் சம்பளத்தில் யார் வயிறு நிறையும்? ஆட்கள் ஸ்ரீமதுரை பக்கம் இஞ்சித் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் போகிறார்கள். சிலர் எஸ்டேட்டில் வேலை இருக்கிற நாளிலும் உடம்பு சரியில்லை என்று 'சிக்' லீவு போட்டுவிட்டுப் போகிறார்கள். தெரிந்தால் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும்.

ஜீப்பில் திரும்ப ஏழு, ஏழரை. அதுவரை பிள்ளைகள் பூட்டின வீட்டு வாசலில். யானை வேற இறங்குது.

மனோ அண்ணன் வழி சொன்னார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முன்பு புள்ளமடுவம் என்று ஒன்று இருந்தது, இப்போது சும்மா கிடக்கிறது. அங்கே சாயங்காலம் கஞ்சி, பயறு, வீட்டுப்பாடம். எட்டாம் ஆள் பார்த்துக்கொள்ளும். எந்த வீட்டுப் பிள்ளை, எந்த நாள், எத்தனை மணி வரைக்கும் என்று தெரிய வேண்டும். போனில் ஃபார்ம் போடுகிறேன் என்றேன். அப்படியே கைதட்டினார்கள்!

செப்டம்பர் 15, ஞாயிறு

மூன்று லைனும் ஏறி இறங்கி முடித்தேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே டைப் செய்தேன். எங்கே வேலை, என்ன கிழமை, திரும்புகிற நேரம். எங்கே என்கிற கேள்வி என் மூளையில் உதித்தது. அவசரம் என்றால் ஆளைத் தேட வேண்டுமே.

வசந்தின் அம்மா பேச்சியத்தை சிலோனில் பிறந்தது. மேனேஜரை இன்னும் தொரை என்றுதான் சொல்லும். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டது: "ஏண்டி, இது தொர காதுக்குப் போயிராதே?"

"என் போன்லயே பூட்டி வெச்சிருக்கேன் அத்தே. சத்தியமா."

"உம்மேல நம்பிக்கையில சொல்றேன். செவ்வாயும் வியாழனும் சிக்கு. இஞ்சிக் காடு."

சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. வசந்த் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி இன்னொரு தடவை அமுக்கிவிட்டான். பேச்சியத்தை பேர் ரெண்டு தடவை ஏறிவிட்டது. அழிக்கணும். நாளைக்கு.

செப்டம்பர் 20, வெள்ளி

முதல் நாள். முப்பத்தோரு பிள்ளைகள்! பானை காலி. பேஜில் பானையை மட்டும் படம் போட்டேன், யார் முகமும் இல்லாமல். அது நாங்களே வைத்த சட்டம்.

ஆண்டுக்கூட்ட அறிக்கைக்கு வேணும் என்று மனோ அண்ணன் ஃபார்மைத் திறக்கிற அனுமதி கேட்டார். கொடுத்தேன். அண்ணன் கேட்டு இல்லைன்னு சொல்வேனா?

செப்டம்பர் 27, வெள்ளி

கிரவுண்டு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வருஷா வருஷம் ஆபீஸ் அனுமதி லெட்டர் கொடுத்தால்தான் ஆட்டம். மனோ அண்ணன் இன்று போய் லெட்டரோடு வந்தார். எல்லாரும் தூக்கிச் சுற்றினோம். அவர் சிரிக்கவே இல்லை. களைப்பா?

அக்டோபர் 4, வெள்ளி

ஆபீஸ் போர்டில் நோட்டீஸ். 'சிக் போட்டு வெளிவேலை சென்றவர்கள் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது.' பதினோரு வரி.

எஸ்டேட் நோட்டீஸ் எப்போதும் செக்ரோல் நம்பர் வரிசையில்தான் இருக்கும். இது அப்படி இல்லை. மேல் லைன் முதல் வீடு, ரெண்டாவது வீடு... நான் நடந்த வரிசை. நான் கதவு தட்டின வரிசை.

நாலாவது வரி பேச்சி. அஞ்சாவது வரியும் பேச்சி.

அழிக்காம விட்டேனே.

அக்டோபர் 5, சனி

கேட்டேன். நேராகவே கேட்டேன். மனோ அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். இத்தன பேரு வெளிய போயிதான் பொழைக்கறாங்க, வேல நாளக் கூட்டுங்கன்னு சொல்லத்தான் குடுத்தேன்."

"சிக்கு போட்டவங்களோடதயும் சேத்தா?"

துணியைப் பிழிந்தார். "கேட்டாங்க வனிதா. லெட்டர் வேணும்னா குடுன்னாங்க. கிரவுண்டு இல்லைன்னா நாம என்ன?"

"நான் சத்தியம் பண்ணேன்ணா."

"நீதான பண்ண?"

நீதான பண்ண. நீதான பண்ண. அப்ப நான் எட்டாம் ஆளுக்குப் பண்ணலையா? எனக்கா பண்ணேன்? இந்த மனுசனுக்காக எத்தனை பேரோட பேஜில் சண்டை போட்டிருக்கேன்.

அக்டோபர் 7, திங்கள்

கஞ்சி வைத்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு – ஆண்டுக்கூட்டம்

எங்கள் கூட்டம் கிரவுண்டிலேயே நடக்கும். கைதூக்குவது, சீட்டு எழுதுவது கிடையாது. ஒரு விஷயம் வேணும் என்கிறவர்கள் நடுக்கோட்டைத் தாண்டி ஸ்கூல் பக்கம் போகணும். வேண்டாம் என்கிறவர்கள் தேயிலைப் பக்கம். ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. அதைத்தான் போன வருஷம் பெருமையாக வீடியோ போட்டேன்.

அறிக்கை வாசித்தார். ரத்தம் கொடுத்தது பதினெட்டு பேர். பிள்ளைகளுக்கு மாலை உணவு – அதையும் வாசித்தார்! கைதட்டு வேறு.

நான் எழுந்தேன். யூனியன் நல்லசாமி அண்ணாச்சி சொல்லிக்கொடுத்ததைத்தான் கேட்டேன். இந்த ஃபார்ம் பிள்ளைகள் கஞ்சிக்காக வாங்கினது, சொன்னவர்களைக் கேட்காமல் ஆபீசுக்குப் போனது என்று எட்டாம் ஆள் லெட்டர்ஹெட்டில் எழுதித்தர வேண்டும். விசாரணையில் அந்தப் பதினோரு வரியை எதிர்க்க அது உதவும்.

மனோ அண்ணன் அமைதியாகச் சொன்னார்: "எழுதலாம். எழுதினா நாளைக்கே கிரவுண்டு லெட்டரக் கிழிப்பாங்க. சீசனு அடுத்த மாசம். யோசிச்சுக்கோங்க."

எங்கள் கூட்டத்து மாரிச்சாமி மாமா கத்தினார்: "கிரவுண்டு போச்சுன்னா எட்டாம் ஆளு எங்க நின்னு கத்துறது? உங்க ஊட்டுக் கூரை மேலயா?" எல்லாரும் சிரித்தார்கள்.

"பேரு போனவங்க ஊடே போகப்போகுது, மாமா. கூரைக்கு எங்க போவீங்க?" என்றேன். சிரிப்பு நின்றது. அவ்வளவுதான். வேறொன்றும் நிற்கவில்லை.

நடந்தார்கள். தேயிலைப் பக்கம், தேயிலைப் பக்கம், தேயிலைப் பக்கம். போன மாசம் என்னோடு பயறு ஊற வைத்தவர்கள். என் பக்கம் எட்டுப் பேர், என்னோடு ஒன்பது.

வசந்த் கோட்டு மேலேயே நின்றான். சுண்ணாம்பில் ரெண்டு காலையும் வைத்துக்கொண்டு. வருவான், வராம எங்க போவான், அவங்கம்மா பேரு ரெண்டு தடவ இருக்கு...

தேயிலைப் பக்கம் போனான். என்னைப் பார்க்காமல்.

அக்டோபர் 14, திங்கள்

வசந்த் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். 'எட்டாம் ஆள் லெட்டர் போகலைன்னா அம்மா பேரை லிஸ்ட்லருந்து அடிச்சுடறேன்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம். மனோ அண்ணன்தான் சொன்னாரு. நீயா இருந்தா என்ன பண்ணிருப்ப?'

நானா இருந்தா? தெரியல. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

அக்டோபர் 30, புதன்

விசாரணை. எட்டாம் ஆள் கொடுக்காத லெட்டரை நான் என் பேரில் எழுதிக் கொடுத்தேன். ஃபார்ம் போட்டது நான், வெளியே போகாது என்று சத்தியம் செய்தது நான், கையெழுத்து வனிதா. நல்லசாமி அண்ணாச்சி அதை வாசித்தபோது யாரும் தலை நிமிரவில்லை. எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற எங்கம்மாவுக்கு இனி ஏறவே கஷ்டமான மேட்டுக் காட்டில்தான் வேலை போடுவார்கள் என்று வெளியே வந்ததும் ஒருவர் சொன்னார். போடட்டும்.

ஆபீஸ்காரர்கள் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார்கள். நாலாவது வரியில் 'பேச்சி' சிவப்பு மையில் அடித்திருந்தது.

அஞ்சாவது வரி அப்படியே இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளுங்க" என்று வசந்த் சொன்னான். கிளார்க், "ஒரு பேரை எடுக்கத்தான் எனக்கு உத்தரவு" என்றார்.

நான் அன்றைக்கே அழித்திருந்தால் –

நவம்பர் 8, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. நாலு பேர் திரும்ப வேலைக்கு. ஆறு பேருக்குப் பேர் போச்சு. அதில் பேச்சியத்தையும். மார்ச்சுக்குள் வீட்டைக் காலி பண்ணணும்.

பேஜ் பாஸ்வேர்டை மனோ அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். ஃபார்மை அழித்தேன். அழித்து என்ன? பிரிண்ட் அங்கே இருக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

சீசன் முதல் ஆட்டம். புள்ளமடுவத்தில் இருந்தேன். போன வாரம் ஒரு சாயங்காலம் பேச்சியத்தை தானாகவே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தது. "பயறு வேகல" என்று மட்டும் சொன்னது. மறுநாள் அது மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. இன்று பத்தொன்பது.

மேலே கிரவுண்டில் பெரிய சத்தம். கோலா, வசந்த் பிடித்துவிட்டானா?

"போன்ல பாக்கலையாடி?"

"இல்லத்தே."

"சட்டிய எறக்கு, அடி பிடிக்குது." கொஞ்ச நேரம் கழித்து அதுவே சொல்லத் தொடங்கியது. எந்த வீட்டில் யார், எந்தக் காட்டுக்கு, எந்த ஜீப்பில் திரும்புவார்கள். நான் பழக்கத்தில் இந்த நோட்டை எடுத்தேன்.

அத்தை என் கையைப் பிடித்தது. கஞ்சிச் சூடு இருந்த கை. "எழுதாத. கேட்டுக்க."

அது சொல்லச் சொல்ல மூன்று தடவை திரும்பச் சொன்னேன். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னேன், மண்டையில் கொட்டியது.

பதினாலு வீடு. எல்லாம் தெரியும். இதிலும் எழுதமாட்டேன்.