உள்ளே விட்ட துணி

மார்ச் 4

தோழர் தையற்கடைக்காரர் அவர்களுக்கு,

வணக்கம். கிளைச் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். கொழுந்தியாள் எழுதியதாக நினைத்துப் படிக்காதீர்கள். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கினீர்கள். சரி. தூக்கிய கையை இறக்குமுன், "காலம் கெட்டுக் கிடக்கு!" என்று சத்தமாகச் சொன்னீர்களே, அது எதற்கு? பிற்போக்குக்கு உள்ளேயே பாய் விரித்தால் நமக்கென்று தனிக் கட்சி எதற்கு என்று இளைஞர் அணி கேட்கிறது. விளக்கம் தேவை.

தோழமையுடன்,
கிளைச் செயலாளர்

பி.கு.: அத்தான், அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் தைத்த ஜாக்கெட் கையில் பிடிக்கிறது.

மார்ச் 6

செயலாளரும் வாயாடிக் கொழுந்தியாளுமான உனக்கு,

விளக்கம்: கூட்டத்தில் சட்டத்துக்குக் கையைத் தூக்குவேன், கூடவே முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்வேன். முன்னது கொள்கை, பின்னது என் மூஞ்சி. ஓட்டுக் கேட்கப் போகிற தெருவில் பாதிப் பேருக்கு இதே மூஞ்சிதான். அவர்களிடம் பேசக் கட்சியில் ஓர் ஆள் வேண்டாமா?

ஜாக்கெட்டை அனுப்பு, பிரித்துத் தளர்த்தலாம். உடம்பு மாறும் என்றுதான் உள்ளே துணி விட்டுத் தைக்கிறேன். கட்சியைத் தைத்தவர்கள் துணியில் கஞ்சம் பிடித்துவிட்டார்கள்.

அக்காவிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பிரித்ததே அவள்தான்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 15

அத்தானுக்கு,

உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? உங்கள் விளக்கம் போதாதென்று இளைஞர் அணி நெருக்கியதால், உங்களை நீக்க நான் கொண்டுவந்த தீர்மானத்துக்கு நேற்று ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே அது தோற்றிருக்கும். நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எழுந்து நின்று உங்களுக்கு எதிராக நீங்களே கை தூக்கினால் நான் என்ன செய்வது? அக்கா என்னோடு பேசுவதில்லை.

இப்படிக்கு,
கிளைச் செயலாளர் (என்ன செய்ய!)

மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

செயலாளர் கொண்டுவந்த தீர்மானமாயிற்றே! பழைய ஆள் நான், கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. கை தன்னால் எழுந்துவிட்டது. எதற்கென்று பிறகுதான் யோசித்தேன். என் கடை மாடியில் என்னை நீக்கிவிட்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள்; நாற்காலிகளை நான்தான் மடக்கி வைத்தேன். குனிய ஒரு முற்போக்கும் இல்லை.

அக்கா "நல்லா வேணும்" என்கிறாள். உனக்கா, எனக்கா என்று கேட்கத் தைரியமில்லை.

அத்தான்

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

அடுத்தது நான்தான். மகளிடம், "பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேரு" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் இளைஞர் அணியாயிற்றே, என் மேல் புகார் கொடுத்துவிட்டாள்: பிற்போக்கு! ஞாயிற்றுக்கிழமை கூட்டம். யார் யார் என் பக்கம் என்று பார்த்தேன். ஒரு கை குறைகிறது. அந்தக் கையை நானேதான் வெளியே அனுப்பினேன். வருவீர்களா?

ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தியாள்

ஏப்ரல் 4

அன்புள்ள வாயாடிக்கு,

உறுப்பினர் இல்லாதவன் கையைத் தூக்கினால் அது சோம்பல் முறிப்பதுதான். ஆகவே உறுப்பினர் விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். செயலாளராக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிடு. பொழுது சாயும் விஷயத்தில் நானும் உன் கட்சிதான், ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டேன். கை மட்டும்.

ஜாக்கெட்டைத் தளர்த்தியாயிற்று. உள்ளே இன்னும் கொஞ்சம் துணி இருக்கிறது, தைரியமாகச் சாப்பிடு.

பரிந்துரைப்பவர் இடத்தில் உன் மகளின் கையெழுத்தைப் பார்த்து மயங்கி விழாதே. நேற்றுக் கடைக்கு ஓடிவந்தாள். புகாரைத் திரும்ப வாங்கினால் மானம் போய்விடுமாம்.

"பெரியப்பா, நீங்க வந்து எப்படியாவது அம்மாவைக் கட்சியிலயே இருக்க வையுங்க. நீக்கிட்டா நாள் முழுக்க வீட்டுலயே இருப்பாங்க!"

அத்தான்
(நீ கையெழுத்துப் போட்டால், தோழர்)