பெயர் சொல்லாத காலத்துக்கு

அன்பு ரொவீனா அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மழைக்கு அங்கே டவர் விழுந்து கிடக்கிறது, போன் போகவில்லை. விடிந்தால் நம் ஊருக்குத் தபால் விமானம் கிளம்பிவிடும்.

வரும் வியாழக்கிழமை என் இதய வால்வை மாற்றுகிறார்கள். டாக்டர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஆபத்துகளைப் படித்துச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் மகள் டாலியா சாப்பிடுகிறாளா? அவளை ஆற்றுப் பக்கம் விடாதே, வெள்ளத்தோடு முதலை மேலே ஏறி வரும்.

பயம் தாங்காமல் என் கதையை நானே எழுதத் தொடங்கினேன். இந்த அடிலெய்டு வார்டில் நம் பழங்குடிப் பெண்கள் நானும் பெர்னிஸ் அத்தையும்தான். "என்னடி, உயிலா எழுதுற? உன் சொத்து அந்தப் பிஞ்ச செருப்புதானே!" என்று அத்தை வார்டே சிரிக்கக் கேட்டாள்.

எழுதும்போது மட்டும் நெஞ்சுப் படபடப்பு அடங்குகிறது, அக்கா. என்னை வெறும் சீக்காளி என்றே நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால், என் உயரத்துக்கு மீன் பிடித்தவளும் நான்தான், ஆசிரியப் பயிற்சி முடித்தவளும் நான்தான். சின்ன வயதில் இந்த நெஞ்சு நோய்க்கு மாதாமாதம் போடும் ஊசிக்குப் பயந்து ஓடுவேனே, "ஆடாதடி, ஆடுனா இன்னொரு ஊசி" என்று அமுக்கிப் பிடிப்பாய். பிசாசு என்று உன்னைத் திட்டுவேன். எழுதும்போதுதான் உறைத்தது. அப்போது உனக்கே பதினாலு வயது. நீயும் அழுதுகொண்டிருந்தாய்.

அம்மாவைப் பற்றி எழுத வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் இறந்துபோனதும் படங்களைக் கழற்றினோம், சாமான்களை எரித்தோம், வீட்டுக்குப் புகை போட்டோம், அவள் பெயரைச் சொல்வதையே விட்டோம். அது நம் முறை, குறை சொல்லவில்லை. ஆனால் வருஷங்கள் கழித்து, இனிப் பெயர் சொல்லலாம் என்று பெரியவர்கள் அனுமதித்தபோது, அவள் எப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்திருந்தது. டாலியாவுக்கு நாலு வயதுதான் ஆகிறது.

எனக்கு ஏதாவது ஆனால், என் சாமான்களோடு இந்தத் தாள்களையும் எரித்துவிடாதே. முறையை மீறச் சொல்லவில்லை. துணியில் சுற்றி யார் கண்ணிலும் படாமல் வை. என் பெயரைச் சொல்லலாம் என்று பெரியவர்கள் சொல்லும் நாளில் அவளிடம் கொடு. நம் வழக்கப்படி நீயும் அவளுக்கு அம்மாதான். முதல் பக்கத்தை நீயே படித்துக் காட்டு.

வைப்பாயா, எரிப்பாயா? அது தெரியாமல் மயக்க ஊசிக்குக் கண்ணை மூட எனக்குத் தைரியம் இல்லை. செவ்வாய்க்கிழமை நம் ஊர் நர்ஸ் நோயாளிகளை அழைத்துக்கொண்டு இங்கே வருவாள். அவளிடம் இரண்டு வரி கொடுத்தனுப்பு. சீக்கிரம் பதில் எழுது, அக்கா.

உன் தங்கை,
லெனோரா