உன் அப்பா வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

திகாம் பத்து,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் செரீனாவுக்கு,

மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதே, எனக்குக் கோபம் வரும். நீ அந்த டப்ளின் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை எழுது.

வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கும்போது என் கைப்பேசி என் கையில் இருப்பதே இல்லை. அது ஒரு சத்தம் போட்டால் போதும், நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் உன் அப்பா எடுத்து, நீ எழுதியதைப் படித்துவிட்டு, தொடாதவர் மாதிரி வைத்துவிடுகிறார். அப்புறம் நான் வந்து அதையே உரக்கப் படிக்க வேண்டும். அவர் அப்போதுதான் கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். அதனால்தான் இந்தக் கடிதம். புஷ்பவள்ளி அக்காவின் மகள் படிப்புக்காக அங்கே வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கோலா கெடாவில் வாங்கிய நெத்திலியும், நீ கேட்ட மிளகாய்த்தூளும் இருக்கும். நெத்திலியை உடனே குளிர்பெட்டியில் வை.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, சர்க்கரை இறங்கி உன் அப்பா காரின் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தார். நல்லவேளை, வீட்டு வாசலில். அன்றைக்கே நீ பஸ் முதலாளி நடராஜாவுக்குப் போன் போட்டு, அப்பாவை இனிமேல் தொழிற்சாலை பஸ் ஓட்ட விடவேண்டாம் என்று சொன்னாய். மறுநாள் அவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். பெத்த பொண்ணே என் பொழப்புல மண்ணப் போட்டுட்டா என்று அப்பா கத்தினார். செத்துப் போறதுக்கு இது மேல் என்று நீயும் பதிலுக்குக் கத்தினாய். அன்றோடு பேச்சு நின்றது. விமான நிலையத்துக்குக்கூட அவர் வரவில்லை.

சரி, பேசாதவர்கள் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவர், ஒரு நாள் யாரோ கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். கம்ப்யூட்டருக்குள் மயங்கி விழுந்தால் யாருக்கும் அடிபடாதே. ஆனால் எதை வாங்குவது, எது மலிவு, எது நன்றாக உழைக்கும் என்று இங்கே யாருக்குத் தெரியும்? அவகிட்ட கேளு என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்டேன். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் மலிவு என்று நீ அரை மணி நேரத்தில் இவ்வளவு நீளத்துக்குப் பதில் எழுதினாய். அதில் ஒரு இடத்தில்கூட அப்பா என்ற வார்த்தை இல்லை. அவரிடம் சொல்லுங்கள், அவரிடம் கேளுங்கள். யாரம்மா அந்த அவர், பக்கத்து வீட்டுக்காரரா?

அன்று பிடித்தது எனக்குச் சனி. பள்ளிக்கூடக் கேண்டீனில் நான் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருக்கும்போது, பவர் சப்ளை எத்தனை வாட் என்று நீ கேட்கிறாய். நான் வீட்டுக்குப் போன் போட்டால், அவளுக்கு எதுக்காம் என்று முதலில் ஒரு உறுமல். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்து எண்ணைச் சொல்கிறார். கேசிங் பெட்டியோடு சேர்த்து மலிவாக வந்த அந்தப் பவர் சப்ளையை நம்ப வேண்டாம், அது போனால் மற்றதையும் எரித்துவிட்டுத்தான் போகும் என்று நீ எழுதினாய். அதை நான் படித்துக் காட்டினேன். அவ பெரிய மெக்கானிக்கு என்றார். இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய் நீ சொன்னதையே மாற்றி வாங்கி வந்து மேசையில் வைத்தார். இந்த ராம், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு எதற்கு இந்த அறிவு, சொல். உலையில் அரிசி போட்டதை மறந்துவிடுகிறேன், மதர்போர்டு நம்பர் மறக்கமாட்டேன் என்கிறது.

கடைசியில் எல்லாம் அந்தக் கிராஃபிக்ஸ் கார்டில் வந்து நின்றது. படத்தை ஓட்டுகிற சாமான் அதுதான், அதற்குத்தான் விலை அதிகம் என்று நீ சொல்லிவிட்டாய். பஸ் விளையாட்டுக்குப் பழைய கார்டே தாராளம், புதிது வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம் என்றும் எழுதினாய். பாலிங் ஊரில் ஒருவர் விற்கிறார் என்று நீயே தேடி அனுப்பினாய். போனோம். இப்போது காரை நான்தானே ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிக்கிறார் உன் அப்பா. லோரி வருதுலா, லோரி வருதுலா என்று வழி நெடுக மந்திரம் வேறு. அவர் காலடியில் இருந்த கார் மிதியடி தேய்ந்துபோய்விட்டது. பாலிங் போய்ச் சேருவதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

அங்கே போய் அவர் பண்ணிய அமர்க்களத்தைக் கேள். பழைய பஸ்ஸுக்கு இன்ஜின் வாங்குகிற மாதிரி, கார்டை மோந்து பார்த்தார். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார். போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி, கம்ப்யூட்டரின் பின்னால் கையை வைத்துக்கொண்டு சூடு பார்த்தார். அந்த வீட்டுக்காரி எங்களுக்கு இரண்டு தடவை தேத்தண்ணீர் ஆற்றிக் கொடுத்தாள். கார்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. விலையும் நம் கைக்கு அடக்கம். எல்லாம் முடிந்து, இது பத்தாது என்று எழுந்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

உனக்கு இதைச் சொன்னபோது உனக்கும் கோபம். பஸ் ஓட்ட இதற்கு மேல் என்ன வேண்டுமாம், பணத்தை எரிக்க ஆசைப்பட்டால் எரிக்கட்டும் என்று எழுதினாய். பிறகு மனசு கேட்காமல், மிச்சப் பணத்தை நான் தருகிறேன் என்றும் எழுதினாய். அவர் அதையும் படித்தார், வேண்டாம் என்று கையை ஆட்டினார். அடுத்து நீ சொன்ன இரண்டு கார்டுகளுக்கும் அதே கதி. இரண்டும் பத்தாதாம். ஏன் பத்தாது என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. அன்றைக்கு நான் கரண்டியை விட்டெறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரில்.

போன சனிக்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சுங்கை பட்டாணியில் தேவன் என்று ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். பொறுமையான மனிதர். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அங்கிள், பஸ் கேமுக்கு இந்தச் சின்னக் கார்டு போதும்லா, காச மிச்சம் பண்ணுங்க என்றார். உன் அப்பா என் கைப்பையைத் திறந்து கைப்பேசியை எடுத்தார். நீ போன வருஷம் உன் அறையைக் காட்ட ஒரு படம் அனுப்பினாயே, கட்டில், மேசை, மேசையில் உன் கம்ப்யூட்டர், அதில் நீ சிநேகிதர்களோடு பேசிக்கொண்டே ஆடுகிற ஏதோ விளையாட்டு. அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, கம்ப்யூட்டர் திரை மட்டும் தெரிகிற மாதிரி வைத்து, தேவனிடம் நீட்டினார். இந்த விளையாட்டு ஓடணும் தம்பி, என் மகள் விளையாடுறது இது என்றார்.

தேவன் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இதற்குக் கொஞ்சம் பெரிய கார்டு வேண்டும், புதிது வேண்டாம், என்னிடம் ஒருவர் மாற்றிவிட்டுப் போனது இருக்கிறது, மூன்று மாதம் உத்தரவாதம் தருகிறேன் என்றார். விலை நம் கணக்குக்குச் சற்று மேலேதான். உன் அப்பா பேரம் பேசவில்லை. பாசாரில் ஒரு கட்டுக் கீரைக்குச் சண்டை போடுகிற மனிதர். கூடவே காதில் மாட்டுகிற ஹெட்ஃபோன் ஒன்றும் எடுத்தார். சும்மா கேட்கிறது இல்லையாம், மைக் வைத்தது வேண்டுமாம். தனியாக பஸ் ஓட்டுகிறவருக்கு மைக் எதற்கு?

திரும்பி வரும்போது லோரி வந்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு பேரையும் நிற்கவைத்து அறைய வேண்டும் போலவும் இருந்தது. இதைச் சொல்ல ஒரு மனிதருக்கு வாய் இல்லையா? போனை எடுத்து மகளே என்றால் ஒரு காசு செலவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டரையே வாங்குகிறார்.

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேள். நீ அன்று நடராஜாவுக்குப் போன் போட்டது சரி. நான் பயந்துகொண்டு போடாமல் இருந்தேன், நீ போட்டாய். அந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிற அத்தனை பெண்களும் இன்று பத்திரமாக இருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். ஊசியை இப்போது தவறாமல் போட்டுக்கொள்கிறார், சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருக்கிறார். உன்மேல் கோபம் போய் வெகுநாள் ஆகிறது. வெட்கம்தான் இன்னும் போகவில்லை. உன் கதையும் அதேதான் என்று எனக்குத் தெரியும், இரண்டும் ஒரே அச்சு.

இனி நான் தூது போகமாட்டேன். வாட், விசிறி, சூடு, எதுவாக இருந்தாலும் அவரையே கேள். நீ இதைப் படிக்கும்போது தேவன் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்திருப்பார். பெட்டிக்குள் கலர் விளக்கு வேண்டாம் என்று நான் சண்டை போட்டுத் தோற்றதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே, உனக்குக் காலை. அந்த நேரத்தில் அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். உன் விளையாட்டுக்குள் எப்படி வருவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். நீயே கூப்பிட்டு உள்ளே இழு. அவருக்குச் சுடத் தெரியாது, ஒளியத் தெரியாது, உன் சிநேகிதர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாதா உன்னைக் கண்போலக் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அந்த விளையாட்டில் நாலு பேர் ஏறிப் போகிற ஒரு ஜீப் இருப்பதாகத் தேவன் சொன்னார். அதை அப்பா ஓட்டட்டும், மகளே.

உன் அம்மா,
கேதரின்