கூடத்துத் தரையில் மலரின் சீட்டுகள்

19.8.2003, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பசாரில் வாங்கியது: கங்கோங் கீரை இரண்டு கட்டு, தேங்காய் ஒன்று, பேத்தி மலருக்கு ரொட்டி.

அவள் கல்லூரியிலிருந்து முகம் வாடி வந்தாள். ஒரு கிளினிக்குக்காக இவள் எழுதிய கம்ப்யூட்டர் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்த செவ்வாய் மறுபடி போய் விளக்க வேண்டும். அதிலும் தவறினால் இன்னும் ஆறு மாதம். கோலாலம்பூரில் ஒத்துக்கொண்ட வேலையும் போய்விடும்.

"கிளாஸ் எல்லாம் நல்லாருக்குன்னாங்க பாட்டி. லைப்ரரியும் சரியாத்தான் எடுத்திருக்கேனாம். ஆர்கிடெக்சர் எங்கன்னு கேட்டாங்க. நான் மறுபடியும் கிளாஸையே காட்டுனேன்."

அவள் சொன்னது: கிளாஸ் ஓர் அச்சு மாதிரி. 'நோயாளி' என்று ஓர் அச்சு இருந்தால் எத்தனை நோயாளி வந்தாலும் அதிலிருந்தே வார்க்கலாம். லைப்ரரி, வேறு யாரோ செய்து வைத்த அச்சுகள். எடுத்துக்கொள்ளலாம்.

"அந்த மூணாவது?"
"அதான் எனக்கே தெரியலலா பாட்டி."

20.8, புதன்
அட்டையை வெட்டிச் சீட்டாக்கிக் கூடம் முழுக்கப் பரப்பியிருக்கிறாள். வெள்ளை, இவள் எழுதிய கிளாஸ். சிவப்பு, லைப்ரரி. நாள் முழுக்க முட்டி போட்டு இங்கே ஒன்று, அங்கே ஒன்று நகர்த்தல். காற்றாடி போடக் கூடாதாம். ஒரே புழுக்கம். நான் சமையலறைக்குச் சுவரோரமாகப் போய் வருகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், என் வீட்டுக் கூடத்தில் இந்த வேலை நடக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்.

22.8, வெள்ளி
தப்பு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கூடம் கழுவாமல் எப்படி விளக்கேற்றுவது? மலர் போட்டோஸ்டாட் எடுக்கப் போயிருந்தாள். சீட்டுகளைப் பொறுக்கி, வெள்ளை தனி, சிவப்பு தனி, ரப்பர் போட்டு மேசை மேல் வைத்தேன். தரையைக் கழுவித் துடைத்தேன். அவள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"என்ன பாட்டி செஞ்சீங்க?"
"ஒன்னுகூட தொலையல. எண்ணிப் பாத்துக்க."

உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் இருக்கு பாட்டி. ஆனா எது எங்க இருந்துச்சோ, அது இல்ல."

விளக்கு ஏற்றினேன். சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

23.8, சனி
மழை இல்லை. பசியாற இடியப்பம். மலர் பாதித் தட்டில் நிறுத்தினாள்.

"பாட்டி, மூணு நாளா சுத்திச் சுத்தி நடந்தீங்கல்ல. எங்கெங்க கால் வெச்சீங்க?"

நடந்து காட்டினேன். வாசல் பக்கம் ஒரு கூட்டம். நர்ஸ் பார்க்கும் திரைகளாம். ஐஸ்பெட்டிப் பக்கம் ஒரு கூட்டம். நோயாளி விவரத்தைச் சேர்த்து வைப்பவை. நடுவில் நான் போக வழி. அந்த வழியில் ஒரே ஒரு வெள்ளைச் சீட்டு, திரை கேட்பதை வாங்கி அந்தப் பக்கம் அனுப்புவதாம்; அதை மட்டும் தாண்டித்தான் போவேன். சிவப்பெல்லாம் ஐஸ்பெட்டிப் பக்கம்.

"வாசக்கிட்டயும் ஒரு செவப்பு கெடந்துச்சு," என்றேன்.

மலர் எழுந்து வாசல் பக்கம் போய்ப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "அது அங்க இருக்கவே கூடாது பாட்டி. நடுச் சீட்டக் கேக்காம திரையே நேரா போயி வெவரப் பெட்டியத் தொறக்குது. அதான் ஒன்ன மாத்துனா எல்லாம் ஆடுது."

காலண்டர் தாளின் பின்புறம் வரைந்தாள். மூன்று கட்டம், இரண்டு அம்பு. ஒரு சீட்டின் பெயர்கூட அதில் இல்லை.

"கிளாஸ மாத்திக்கலாம். வேற லைப்ரரி எடுத்துக்கலாம். யாரு யாருகிட்ட பேசலாம்ங்கறதுதான் பாட்டி அந்த மூணாவது, ஆர்கிடெக்சர். அத மாத்துனா வீட்டையே இடிக்கணும்."

இடியப்பம் ஆறிப்போனது. சுட வைத்துக் கொடுத்தேன்.

26.8, செவ்வாய்
நல்ல வெயில். எட்டு மணிக்குப் போனாள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வெங்காயம் தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு போன். "பாட்டி, பாஸ்." ரிசீவரை வைத்துவிட்டு, உரித்த வெங்காயத்தை அள்ளி ஐஸ்பெட்டியில் வைத்தேன்.

வந்து சொன்னாள். அந்த ஒரு தாளைத்தான் காட்டினாளாம். "மத்ததெல்லாம் எங்கன்னு ஒருத்தர் கேட்டாரு. பையில இருக்கு சார், வேணுமான்னேன். வேணாம், புரிஞ்சிருச்சுன்னாரு."

பேச்சு முடியுமுன் என் மடியில் தலை. வியர்வை வாடை, பவுடர் வாடை.

"அடுத்த செவ்வாக்கெழம வேலைக்கு கே.எல். போகணும் பாட்டி."

ஏழு நாள். அவளுக்கு நல்ல தலையணை ஒன்று வாங்க வேண்டும்.