அப்பா வைத்த பெயர்கள்

மயிலாப்பூர்
கனு முடிந்த மறுநாள்

சௌபாக்கியவதி ஸ்நேஹாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலி தவிர ஒன்றுமில்லை, அப்பாவைப் பற்றித்தான் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் மெயில் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி அவருடைய லேப்டாப்பை ஒழுங்குபண்ணினேன். க்ரோமில் கொஞ்சம், ஃபயர்பாக்ஸில் கொஞ்சம், எட்ஜில் கொஞ்சம் என்று புக்மார்க்குகளை இறைத்து வைத்திருந்தார் மனுஷர், எதை எதில் வைத்தோம் என்று தெரியாமல் காலையெல்லாம் தேடித் தவிப்பார். எல்லாவற்றையும் க்ரோமுக்கே கொண்டுவந்துவிட்டால் ஞாபகமறதிக்காரருக்குச் சுலபம் என்றாயே, நியாயம்தான். போகியன்று பரணைக் காலிபண்ணிப் பழைய பாய்களை வெளியே போட்ட கையோடு இதற்கும் உட்கார்ந்தேன். சேர்த்துப் பார்த்தால் கபாலி கோவில் உற்சவம், கிரிக்கெட் ஸ்கோர், கேஸ் புக்கிங், நடுநடுவே உன் போட்டோ இருக்கும் உன் காலேஜ் வெப் பக்கம், அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஸ்நேஹா, என் பொண்ணு, கனடா பொண்ணு, மூக்குத்திப் பொண்ணு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போகி வேகத்தில் மற்ற மூன்றையும் அழித்துவிட்டு, சரியான பெயரோடு இருந்த ஸ்நேஹாவை மட்டும் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன்.

பொங்கலன்று காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவர் மேலும் கீழும் தேடினார். முதலிலேயே இருக்கிறது, பாருங்கோ என்றேன். யாரோ ஸ்நேஹாவாம், அது நமக்கெதுக்கு, மூக்குத்தி போட்டுண்டு ஒரு பொண்ணு சிரிச்சுண்டிருப்பாளே, அவளைக் காணுமே என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெயர் மறக்க மறக்க இன்னொரு பெயர் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார் ஸ்நேஹா, அதை நான் குப்பை என்று அழித்திருக்கிறேன். உடனே மூக்குத்திப் பொண்ணு என்று பெயரை மாற்றிக் கொடுத்தேன். திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். இவ யாராத்துப் பொண்ணு சாரு, பார்த்துண்டே இருக்கலாம் போல இருக்கு என்றார். நம்மாத்துப் பொண்ணுதான் என்றேன். ஓஹோ என்று மரியாதையாகத் தலையாட்டினார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போனது இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ சித்திரையில் வருவதாகச் சொன்னாய், அதுவரை இந்தப் பெயராவது தங்குமா தெரியவில்லை, லீவு கிடைத்தால் மாசியிலேயே வா. வெந்நீர் குடி, ராத்திரி வண்டி ஓட்டாதே. கபாலியும் கற்பகாம்பாளும் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். வந்ததும் என்னைத் தெரியறதா அப்பா என்று கேட்டுவிடாதே. இல்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம், தெரியறதே என்பார், நீ நம்பிவிடுவாய்.

இப்படிக்கு
உன் அம்மா
சாருலதா